பாஸை இழுக்க முடியாத வலைக்காரன்

எங்க கேம்ல நாலாவதா ஒரு கிளாஸ், அதாவது விளையாடுறவங்க தேர்ந்தெடுக்குற ஆள் வகை, வேணும்னு முடிவு பண்ணி எட்டு மாசம் ஆச்சு. நாங்க மூணு பேரு, வேலை முடிஞ்சு ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் உக்காந்து கோடோங்கிற கேம் பண்ற சாஃப்ட்வேர்ல சின்னதா ஒரு ஆக்‌ஷன் ஆர்பிஜி பண்ணிட்டிருக்கோம், மேல இருந்து பாக்குற கேமரா, கும்பல் கும்பலா வர்ற மான்ஸ்டர்களை அடிச்சு அதுங்க போடுற பொருளை (லூட்) பொறுக்குற வகை. வாள்காரன், வில்லாளி, மந்திரக்காரி மூணும் ஏற்கனவே ஓடுது. நாலாவதா நான் கேட்டது வலைக்காரன்.

ஐடியா எங்க மாமாகிட்ட இருந்து வந்தது. தூத்துக்குடி பக்கம் அவரு வீச்சு வலை போடுறதை சின்ன வயசுல கரையில நின்னு மணிக்கணக்கா பாத்திருக்கேன். கயிறு மணிக்கட்டுல, வலையில பாதி தோள்ல, ஓரத்துல ஈயக் குண்டு, இடுப்பைத் திருப்பி ஒரு சுழட்டு சுழட்டி விட்டா வானத்துல வட்டமா விரிஞ்சு அப்படியே தண்ணியில உக்காரும். சரியா விடலைன்னா பொத்துன்னு மூட்டையா விழும், ஒரு மீன் வராது. இந்த விரியுறது, உக்காருறது, இழுக்குறது மூணும் ஒரு ஆக்‌ஷன் கேமுக்கு எவ்வளவு பொருத்தம்னு யோசிச்சுப் பாருங்க. இந்த வகை கேம்ல நாம பண்ற வேலையே சிதறிக் கிடக்குற கும்பலை ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து மொத்தமா அடிக்கிறதுதானே.

வலையை ஆயுதமா வச்சு சண்டை போட்டவங்க நெஜமாவே இருந்திருக்காங்க. ரோம் அரங்கத்துல ரெட்டியாரியஸ்னு ஒரு வகை கிளாடியேட்டர், கையில வலை, மூணு முனை ஈட்டி, ஒரு குறுவாள், தலையில ஹெல்மெட் கிடையாது. அவனுக்கு எதிரா எறக்கப்பட்ட செக்யூட்டருக்கு வலை சிக்காத மாதிரி வழவழன்னு உருண்டை ஹெல்மெட். ஒருத்தனோட பலம் எதிராளியோட ஹெல்மெட் வடிவத்தையே மாத்தியிருக்கு பாருங்க, அந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

மொத மாசம் நான் பண்ணது ஸ்கில் லிஸ்ட் எழுதுனது. 18 ஸ்கில். நெருப்பு வலை, விஷ வலை, மின்னல் வலை. கோட் எழுதுற நண்பன் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான், "சரிடா, நாலு பேய் எதிர்ல வருது, இவன் விரல் என்ன பண்ணும்?" எங்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அந்த 18-ம் மந்திரக்காரியோட ஸ்பெல்லுக்கு வலை படம் ஒட்டுனது.

இது பழைய கதைதான். டயாப்லோங்கிற இதே வகை கேம் வரிசையோட முதல் பாகத்துல வாரியர், ரோக், சோர்சரர்னு மூணு பேரு, ஆனா மேஜிக் ஸ்டாட்டை (மந்திரத் திறனுக்கான எண்) போதுமான அளவுக்கு ஏத்திட்டா யாரு வேணா எந்த ஸ்பெல்லும் கத்துக்கலாம், தனக்குன்னு ஒரே ஒரு ஸ்கில்தான், வாரியர் பொருளை ரிப்பேர் பண்ணுவான், ரோக் ட்ராப்பை கழட்டுவா, சோர்சரர் மந்திரக்கோலுக்கு சார்ஜ் ஏத்துவான். 1997-ல அதுக்கு வந்த ஹெல்ஃபயர்ங்கிற கூடுதல் பாகத்துல மாங்க் சேந்தான், அதுக்குள்ளயே பார்ட், பார்பேரியன்னு ரெண்டு கிளாஸ் முடியாம ஒளிஞ்சு கெடந்தது, ஒரு டெக்ஸ்ட் ஃபைலை மாத்துனா தொறக்கும். பார்ட் வந்து நின்னா ரோக்கோட உருவம்தான். ஆனா அவ ரெண்டு கையிலயும் ஆயுதம் புடிப்பா, அந்த ஒண்ணு போதும், அவ வேற ஆளுன்னு தெரிய. 2000-ல டயாப்லோ 2 வந்தப்போ ஆளுக்கு 30 ஸ்கில், மூணு ஸ்கில் மரம்னு முழுசா பிரிச்சாங்க, ஆனா ஸ்கில்லுக்குச் செலவாகுற சக்தி எல்லாருக்கும் திரையில உருண்டைக்குள்ள இருக்குற அதே நீல மானா. 2012-ல டயாப்லோ 3-லதான் அந்த உருண்டைக்குள்ள இருக்குறதே ஆளுக்கு ஆள் மாறுச்சு. பார்பேரியனுக்கு அடிச்சா ஃப்யூரி ஏறும், சும்மா நின்னா எறங்கும். டீமன் ஹன்டருக்கு உருண்டையே ரெண்டா பிரிஞ்சு ஹேட்ரெட் ஒரு பக்கம் டிசிப்ளின் ஒரு பக்கம், அடிக்க ஒண்ணு தப்பிக்க ஒண்ணு. எனக்கு அங்கதான் கிளாஸ் பிறக்குதுன்னு தோணுது, கதையும் உடையும் அப்புறம்தான். எதைச் சேத்து எதைச் செலவு பண்றோம்ங்கிறது மாறுனாலே நம்ம நடை மாறிடுது.

அதனால 18 ஸ்கில்லையும் அழிச்சுட்டு வலைக்காரனுக்கு ஒரே ஒரு மீட்டர் வச்சேன், பேரு இழுவை. வலை மான்ஸ்டர் மேல விழுந்ததும் அதுங்க திமிறும், திமிறத் திமிற இழுவை ஏறும், அந்த இழுவையைச் செலவு பண்ணிதான் சுருக்கி இழுக்கவும் ஈட்டியால குத்தவும் முடியும். வலை காலியா இருந்தா மீட்டர் ஏறவே ஏறாது. நெறைய பேர் மாட்டுனா சீக்கிரம் ஏறும், அதனால ஆபத்தான கும்பலுக்குள்ள தானா போகத் தோணும்.

எறியுறதுல ஒரு தப்பு பண்ணேன். மாமா சுழட்டுற அழகை அப்படியே கொண்டுவரணும்னு பட்டனை 0.6 செகண்ட் அழுத்திப் புடிச்சு விடுற மாதிரி வச்சேன், சரியான நேரத்துல விட்டாதான் வட்டமா விரியும். பத்து தடவைக்கு சுகமா இருந்துச்சு. ஆனா ஒரு ராத்திரி விளையாட்டுல இதை ஆயிரம் தடவை பண்ணணும், அரை மணி நேரத்துல விரல் வலி. இப்போ தட்டுனா உடனே சின்ன வலை போகும், புடிச்சா பெரிய வலை.

கும்பல் கிட்ட எல்லாம் பிரமாதம். பாஸ், அதாவது தனியா நிக்கிற பெரிய எதிரி, முன்னாடி போய் நின்னா கிளாஸே செத்துடுச்சு.

ஏன்னா பாஸை இழுக்க முடியாது, இழுத்தா பாஸுக்கு மரியாதை இல்ல, வாள்காரன் பக்கத்துல கொண்டுவந்து போட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. இதே இடத்துல மாட்டுன இன்னொரு ஆளு டயாப்லோவோட நெக்ரோமான்சர், பொணத்தை வச்சு மந்திரம் பண்றவன். டயாப்லோ 2-ல கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன் எவ்வளவு பெரிய ஸ்கில், ஆனா வெடிக்க ஒரு பொணம் வேணும், பாஸ் தனியா நின்னா பொணத்துக்கு எங்க போறது? 2017-ல டயாப்லோ 3-க்கு நெக்ரோமான்சரைக் கொண்டுவந்தப்போ லேண்ட் ஆஃப் தி டெட்னு ஒரு ஸ்கில் வச்சாங்க, 10 செகண்டுக்கு பொணமே இல்லாம பொண ஸ்கில் எல்லாம் அடிக்கலாம். நல்ல தீர்வுதான், ஆனா அந்த 10 செகண்ட் பொணத்தைத் தேடுற வேலையே இல்லாமப் போகுது. டயாப்லோ 4 வேற வழி, பாஸ் மேல ஸ்டன் (உறைய வைக்கிறது), ஸ்லோ (வேகம் குறைக்கிறது) எல்லாம் சேந்து ஒரு ஸ்டேகர் பாரை நெரப்பும், நெறஞ்சா பாஸ் கொஞ்ச நேரம் தடுமாறி நிக்கும். இது நியாயம். ஆனா எல்லா கிளாஸுக்கும் பொது, வலைக்காரனுக்குன்னு எதுவும் இல்ல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மாமாகிட்ட கேட்டேன், இழுக்க முடியாத அளவு பெரிய மீன் தூண்டில்ல மாட்டுனா என்ன பண்ணுவீங்கன்னு. "ஏலே, அதை எங்க இழுக்க? அதுதான் நம்மள இழுக்கும். விட்டுப் புடிக்கணும்ல மருமவனே"ன்னு சொல்லிட்டு சாப்பாட்டைப் பாத்தாரு. பஸ்ல திரும்பி வரும்போது முழு டிசைனும் போன்ல டைப் பண்ணிட்டேன்.

ஸ்கில்லோட பேரே விட்டுப்பிடி. பாஸ் மேல வலை விழுந்தா ஒரு கயிறு உருவாகும், அதுக்கு ஒரு நீளம் உண்டு. பாஸ் ஓடுனா அது நம்மளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போகும், கயிறு எவ்வளவு விறைப்பா இருக்கோ அவ்வளவு இழுவை ஏறும். விறைப்பு எல்லை தாண்டுனா கயிறு அறுந்து 4 செகண்ட் வலை கிடையாது. பட்டனைப் புடிச்சா கயித்தை விடுறது, விட்டா இறுக்குறது. அப்போ பாஸ் பாயும்போது விட்டு, அடிச்சு முடிச்சு மூச்சு வாங்கும்போது இறுக்கணும். மத்த மூணு கிளாஸும் தப்பிக்கிறதுக்காகப் படிக்கிற பாஸோட அசைவை இவன் மட்டும் சாப்பாட்டுக்காகப் படிக்கிறான்.

உடனே ரெண்டு பிரச்சனை. எங்க ரெண்டாவது பாஸ் ஒரு கல் சிலை, இடத்தை விட்டு நகராது, விறைப்பே வராது. அதுக்கு கயித்தோட முனையை பாஸோட நடுவுல இருந்து எடுத்து கையில மாட்டுனோம், இப்போ சிலை கையை ஓங்குனாலே கயிறு விறைக்குது. இன்னொண்ணு, இழுத்துட்டுப் போகும்போது தரையில எரியுற நெருப்புக்குள்ள போய்ச் செத்தா விளையாடுறவங்களுக்குக் கோவம் வருது, அது என் தப்பு இல்லையேன்னு கேக்குறாங்க, அவங்க கேக்குறது சரி. இழுபடும்போது ஒரு கிளிக் பண்ணா குதிகாலை ஊனி நிக்கலாம்னு சேத்தோம், நின்ன இடத்துல விறைப்பு மடமடன்னு ஏறும், அறுந்துபோற ஆபத்தும் கூடவே வரும். சாவு இப்போ அவங்க எடுத்த முடிவால வருது.

ஒரு பயம் இன்னும் இருக்கு. டயாப்லோ 3-ல கிரேட்டர் ரிஃப்ட்ங்கிற, படிப்படியா கஷ்டம் ஏறுற சவாலோட உச்சத்துல நாலு பேரா போறப்போ பார்பேரியனை டேமேஜே இல்லாம வெறும் மான்ஸ்டரை இழுத்துக் குமிக்கிற ஆளா வச்சிருப்பாங்க. அதை ரசிச்சு ஆடுறவங்க இருக்காங்க, ஆனா வலைக்காரன் அடுத்தவனுக்கு மீன் புடிச்சுக் குடுக்குற கூலியாகிடக் கூடாது. அதனால ஈட்டிக்குத்து, வலைக்குள்ள எத்தனை பேரோ அத்தனை பேர் மேலயும் முழுசா எறங்கும், இழுவை இருக்குற அளவுக்கு. இதை நாலு பேர் சேந்து ஆடிப் பாத்தாதான் எண்ணு சரியான்னு தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை நண்பனோட தங்கச்சி ஆடுனா. இந்த மாதிரி கேம் அதிகம் ஆடாதவ. சிலைகிட்ட மூணு தடவை கயித்தை அறுத்தா. நாலாவது தடவை சிலை கையை ஓங்குனப்போ விட்டு, எறக்குனப்போ இறுக்கி, குதிகாலை ஊனி நின்னா, மீட்டர் நெறஞ்சுது, நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல, அவளே ஈட்டியை எறக்குனா.