விடியற்காலையில் வெதுவெதுப்பாக இருந்த ஸ்டீரியோ

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு காலை ஆறரைக்குக் காஞ்சிபுரம் கிளம்புவதாகத் திட்டம். சாவியைத் திருகினேன். 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் விளக்குகள் மங்கலாக எரிந்து அணைந்தன. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதுதான் எரிச்சல். அக்டோபரிலும் இதே கதை நடந்தது. "பேட்டரி போயிருக்கும் சார், மாத்திடுங்க" என்று மெக்கானிக் சொன்னார். பழையதைக் கொடுத்து, மேலே 4,200 ரூபாய் வைத்துப் புதுசு போட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணனின் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் வண்டிக்கு உயிர் வந்தது. முடிச்சூர் ரோட்டில் போகும்போது முன் சீட்டில் இருந்த அப்பா ஸ்டீரியோ திரையைக் காட்டி, "ஏண்டா, இதுல 2005ன்னு போட்டிருக்கே?" என்றார். பார்த்தேன். ஞாயிறு, 1 மே 2005. மணி நிமிஷம் பிசகாமல் சரி. கிழமையும் சரி. தேதி மட்டும் பத்தொன்பதரை வருஷம் பின்னால்.

பேட்டரி செத்ததால் கடிகாரம் குழம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் மணியும் தப்பாக அல்லவா இருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்குப் பத்து பிட் இடம்தான். 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொரு முறை அப்படிச் சுற்றி வந்தது. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை ரிசீவரின் மென்பொருள்தான் யூகிக்க வேண்டும். அந்த யூகத்துக்கு உள்ளே ஒரு கெடு வைத்திருப்பார்கள், அது தாண்டினால் 1024 வாரம் பின்னால் குதிக்கும். முழு வாரங்களாகக் குதிப்பதால் கிழமை மாறாது. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன்: 2024 டிசம்பர் 15-இலிருந்து சரியாக 7,168 நாள் கழித்தால் 2005 மே 1. அதுவும் ஞாயிறு. கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு மணி நேரம் போனது. பேட்டரி பிரச்சினைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஸ்டீரியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2015-இல் கார் வாங்கும்போது, நேவிகேஷன் உள்ள டாப் மாடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். வரைபடம் ஒரு எஸ்டி கார்டில் இருக்கும், வழி சொல்லும் பெண் குரலுக்கு வீட்டில் 'அம்மணி' என்று பெயர். கடைசி ஒரு வருஷமாக அம்மணிக்கு உடம்பு சரியில்லை. தொடாமலே பாட்டு மாறும், கீபோர்டில் 'த'வைத் தொட்டால் மூன்று எழுத்து தள்ளி விழும், அம்புக்குறி பெருங்களத்தூரிலேயே நின்றுகொண்டு வர மறுக்கும். வரைபடமும் பழசு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது, எங்கள் திரையில் அந்த இடம் இன்னும் பொட்டல்தான். ஆனாலும் கார் ஸ்டார்ட் ஆகாததற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு தொடுகைதான். திங்கள் காலை அஞ்சரை மணிக்கு, ஆபீஸ் ட்ரெயினைப் பிடிக்கும் முன், பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம் என்று இறங்கினேன். பானெட் லீவரை இழுக்கக் கதவைத் திறந்தபோது முழங்கை திரைமேல் பட்டது. டிசம்பர் மாத விடியற்காலை, ஸ்டீரிங் சில்லென்று இருக்கிறது, சீட் சில்லென்று இருக்கிறது. திரை மட்டும் வெதுவெதுப்பாக, காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி. கறுப்பாக, அணைந்த மாதிரிதான் இருந்தது. ராத்திரி முழுக்க உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த லீவு நாளில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். முதலில் இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் பார்த்தேன், 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் சார்ஜ் ஏற்றுகிறது. சரி, அப்போது திருட்டு வண்டி நிற்கும்போது நடக்கிறது. எதிர்முனை கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இதில் நான் செய்த முட்டாள்தனத்தை யாரும் செய்ய வேண்டாம்: வயரை மில்லியாம்பியர் துளையில் குத்தி வைத்திருந்தேன், இணைத்ததுமே மீட்டரின் ஃபியூஸ் போய்விட்டது. 10 ஆம்பியர் துளையில்தான் குத்த வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்துபோய்க்கூட சாவியைத் திருகக் கூடாது, ஸ்டார்டர் இழுக்கும் கரண்டுக்கு அது தாங்காது.

இன்னொரு சிக்கல், ஃபியூஸ் பெட்டி ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால்தான் கை போகும். திறந்திருந்தால் வண்டி தூங்காது, அதாவது உள்ளே இருக்கும் மின்சாதனங்கள் ஓய்வுக்குப் போகாது. அதற்கு ஒரு வழி உண்டு. கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் 'கிளிக்' என்று மடக்கிவிட்டால், கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பிவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் பூட்டு நசுங்கும்.

முதலில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இருபத்தைந்து நிமிஷம் காத்திருந்தும் 0.38-க்குக் கீழே வரவில்லை. நிற்கிற வண்டிக்கு 0.05-க்கு உள்ளே இருந்தால் சரி என்பார்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரூம் லைட், மாற்றமில்லை. ஹாரன், மாற்றமில்லை. 'ஆடியோ' என்று போட்டிருந்த 15 ஆம்பியர் நீல ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் 0.02 என்றது.

கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்தியது. 0.38 ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு ஒன்பது ஆம்பியர்-ஹவர். என் பேட்டரியே 35. வாரம் முழுக்க நான் ட்ரெயினில் போகிறேன், கார் ஞாயிறன்றுதான் வெளியே வரும். நாலாவது நாளே பேட்டரி தரைதட்டியிருக்கும். பாவம், நல்ல பேட்டரியைக் கழற்றி எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் குற்றம் ஸ்டீரியோவுடையதா, வயரிங்குடையதா என்று பார்க்க வேண்டுமே. பிளாஸ்டிக் நெம்புகோலால் டேஷ்போர்டு ஃப்ரேமைக் கழற்றி (ஒரு கிளிப் உடைந்தது), நாலு ஸ்க்ரூவைத் திருகி, பெட்டியை வெளியே இழுத்தேன். ஸ்டீரியோவுக்கு இரண்டு பாசிட்டிவ் வயர் வரும். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், நினைவை வைத்துக்கொள்ள. இன்னொன்று ஆக்சஸரி, சாவி போட்டால்தான் வரும். சாவியை எடுத்ததும் ஆக்சஸரி வயரில் பூஜ்யம் வந்தது. ஆக, வண்டி ஒழுங்காக 'தூங்கு' என்று சொல்கிறது, பெட்டிதான் கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். அந்த மாடல் பெட்டி இப்போது வருவதில்லை, ஆர்டர் போட்டால் 48,000 ரூபாய், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். காரே இப்போது விற்றால் எவ்வளவு போகும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். ரிச்சி தெருவில் ஒருவர் போர்டைச் சூடுபடுத்தித் தருவதாகச் சொன்னார். 1,500 ரூபாய். பதினோரு நாள் வேலை செய்தது.

கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் என்றால் சென்னையில் எல்லோரும் அங்கேதான் போவார்கள். நடைபாதையிலேயே கூப்பிடுவார்கள், "சார், சீட் கவரா, செட்டா?" நான் பார்க்கப் போனது ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு செட். இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் 'ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ரேம்' என்று காட்டும். வன்பொருளைப் படிக்கும் ஆப் ஒன்றை பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் உள்ளே ஆண்ட்ராய்டு 10, 2 ஜிபி என்று குட்டு வெளிப்படும். இரண்டாவது கடையில் அப்படித்தான் வெளிப்பட்டது. நாலாவது கடையில் சொன்னதும் இருந்ததும் ஒன்றாக இருந்தது. ஃப்ரேமோடு 13,500 கேட்டார், 12,000-க்கு முடிந்தது.

மாட்ட வந்த பையன் வந்ததும் கட்டரை எடுத்தான். "தம்பி, கம்பெனி வயரை வெட்டாதே" என்றேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுறோம். டேப் சுத்திடுவேன்." நம்மூர் வெயிலில் அந்த டேப் ஒரு கோடையில் பிசுபிசுவென்று இளகி அவிழும், அப்புறம் உள்ளே எந்த வயர் எதைத் தொடும் என்று யாருக்குத் தெரியும்? என் வண்டிக்கென்றே உள்ள கப்ளர் தனியாக 650 ரூபாய். அவன் முகத்தைச் சுளித்தாலும் போய் வாங்கி வந்தான். ஒரு பக்கம் கம்பெனி கப்ளரில் செருகும், மறுபக்கம் புது செட்டில் செருகும். வெட்டும் இல்லை, முறுக்கும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தது நான்தான். வீட்டுக்கு வரும் வழியில் எஃப்எம் போட்டால் ஒரே இரைச்சல். சென்னை நகருக்குள்ளேயே 93.5 கொரகொரவென்றால் வெளியூரில் என்ன ஆகும்? ஆன்டெனா பின்னைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், பலனில்லை. பிறகுதான் பிடிபட்டது: என் காரில் கூரைமேல் இருப்பது குட்டை ஆன்டெனா. அதன் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் உண்டு, அதற்கு 12 வோல்ட் வேண்டும். அதைக் கொடுப்பது செட்டிலிருந்து வரும் நீல வயர். பையன் அதை எதிலும் சேர்க்காமல் மடித்து டேப் சுற்றியிருந்தான். சேர்த்த நொடியில் பாட்டு பளிச்சென்று கேட்டது.

ஜிபிஎஸ்ஸும் அதே கதை. தீப்பெட்டி அளவில் இருக்கும் அந்த ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள்ளே இரும்புக் குறுக்குச்சட்டத்தின் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இடம் கண்டுபிடிக்கக் குறைந்தது நாலு செயற்கைக்கோள் வேண்டும். எனக்குக் கிடைத்தது நாலோ அஞ்சோதான், அதனால் அம்பு பக்கத்துத் தெருவில் ஓடியது. வெளியே எடுத்து, காந்தம் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி, கண்ணாடி ஓரத்தில் டேஷ்போர்டின்மேல் ஒட்டினேன். பதினாலு கிடைத்தது. வெயிலுக்கு ஒட்டு விடாமல் இருக்கிறதா என்று மே மாதம்தான் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை மறுபடி எடுத்ததைப் பார்த்து வீட்டில், "அதான் புதுசு போட்டாச்சே, இன்னும் என்ன?" என்றாள். இருபத்தைந்து நிமிஷம் டார்ச் பிடித்தவள் கேட்கத்தான் செய்வாள். மீட்டர் 0.07 காட்டியது. பழையதுக்கு இது எவ்வளவோ தேவலை, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. இந்த ஆண்ட்ராய்டு செட்கள் சாவியை எடுத்ததும் முழுதாக அணைவதில்லை, சட்டென்று விழிக்க வேண்டும் என்பதற்காக அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. எத்தனை நேரம் அப்படி இருக்கலாம் என்று அமைப்புகளில் ஒரு இடம் இருக்கிறது. கடையில் மூன்று நாள் என்று வைத்திருந்தார்கள். அரை மணி என்று மாற்றினேன். இப்போது 0.02. ஞாயிறன்று முதல் முறை திரை எழுந்திருக்க அரை நிமிஷம் ஆகிறது. அவ்வளவு அவசரம் எனக்கு இல்லை.

மிச்சம் இருந்தது அப்பாவின் சிடிகள். புது செட்டில் சிடி போடும் வாய் கிடையாது. முப்பத்திரண்டு பக்திப்பாடல் சிடி, ஒவ்வொன்றின் உறையிலும் அவர் கையெழுத்தில் பாட்டு வரிசை. தம்பி வீட்டுப் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றினேன். செட் பென்டிரைவையே பார்க்கவில்லை. வேறு ஃபார்மட்டில் இருந்ததை அழித்து ஃபேட் 32-க்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். பாட்டு வந்தது. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் அப்பா, "இது ஏழாவதுல்ல வரணும்?" என்றார். செட் அகர வரிசையில் பாடுகிறது. அவருக்கு விநாயகர் முதலில் வர வேண்டும், மங்களம் கடைசியில். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாப் பாட்டின் பெயருக்கும் முன்னால் 01, 02 என்று எண் போட்டேன். இப்போது பதினெட்டாவது சிடியில் இருக்கிறேன்.