ஒரே ஒரு பல், மூன்று நாள் லீவு

இங்கிலாந்தில் குதிரை வளர்ப்பவர்கள், அதன் பல்லைப் பார்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிட்டு ஃபோனை எடுங்கள்.

மகளின் போனி கடிவாளம் போட்டாலே தலையை உதறியது. குதிரைப் பல் பார்ப்பவர் என்று லாயத்தில் யாரோ கொடுத்த எண்ணுக்கு அழைத்து, "குவாலிஃபைடா?" என்று கேட்டேன். "இருபது வருஷமா இதுதான் வேலை" என்றார். கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

வந்து வாயைத் திறந்து பார்த்தார். மேல் கடைவாய்க்கு முன்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வுல்ஃப் டூத், அதாவது கடிவாளத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் குட்டிப் பல். அதுவரை சரி. பிறகு பல்லை ராவும் மோட்டார் அரத்தை வெளியே எடுத்தார். "துள்ளினா ஊசி போட்டுக்கலாம், என்கிட்ட இருக்கு." லாயத்தை நடத்தும் அம்மா குறுக்கே வந்து நின்றிராவிட்டால் நான் தலையாட்டியிருப்பேன். மயக்க ஊசி கால்நடை மருத்துவரின் வேலை. வேறு யார் பையில் அது இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வந்து போனதற்கான கட்டணத்தை மட்டும் அந்த ஆள் ஒழுங்காக வாங்கிக்கொண்டார்!

அன்றிரவுதான் உட்கார்ந்து படித்தேன். 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி விலங்குக்கு வைத்தியம் பார்க்க வேண்டியது பதிவு பெற்ற கால்நடை மருத்துவர். குதிரைப் பல் வேலையை மட்டும் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கை அரத்தால் கூர்முனையை மழுக்குவது, ஆடும் பால்பல்லை எடுப்பது எல்லாம் முதல் வகை. அதை யாரும் செய்யலாம், படிப்பே தேவையில்லை. மோட்டார் அரம் இரண்டாம் வகை, தேர்வில் தேறிய குதிரைப் பல் டெக்னீஷியனுக்கு. வுல்ஃப் டூத்தைப் பிடுங்குவதும் அதில்தான் வருகிறது, ஆனால் மருத்துவர் முழு நேரமும் பக்கத்தில் நிற்க வேண்டும். மீதியெல்லாம் மூன்றாம் வகை, மருத்துவருக்கு மட்டும். ஆகவே "குவாலிஃபைடா" என்று கேட்காதீர்கள். "எந்தத் தேர்வு, எந்த வகை வரைக்கும்?" என்று கேளுங்கள். டெக்னீஷியன் சங்கத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கால்நடை கிளினிக்கை அழைத்தேன். "டெக்னீஷியனின் சான்றிதழை அனுப்புங்க, அப்பதான் டாக்டர் வந்து நிற்பார்." ஒருவரைத் தேடிப் பிடித்தால் அவருக்கும் டாக்டருக்கும் நாள் ஒத்துவரவில்லை. ஒரு வாரம் இருவருக்கும் நடுவே தூது போனேன். நான்காவது முறை ஃபோனை எடுத்த பெண் சாவகாசமாகச் சொன்னார்: "எங்க டாக்டரே பிடுங்கிடுவாரே, டெக்னீஷியன் எதுக்கு?" இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

டாக்டர் வந்த நாளில் போனியின் பாஸ்போர்ட், அதாவது அதன் அடையாளப் புத்தகம், என் வீட்டு மேஜை டிராயரில் இருந்தது. அதைப் பார்க்காமல் மருந்து போட மாட்டேன் என்று அடுத்த லாயத்துக்குக் கிளம்பிவிட்டார். தப்பு என்னுடையதுதான், அது குதிரையோடு இருக்க வேண்டிய காகிதம். வேறொரு நாள் குறித்தோம். ஊசி போட்டார், பல் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

பில்லைக் காப்பீட்டுக்கு அனுப்பினேன். போன வருடப் பல் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். போன வருடம் அரம் போட்டவர் எதையும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாலும் சரி, கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்காமல் ஆளை விடாதீர்கள்.