வடக்குச் சுவர் நமக்கு உதவாது: அடுக்குமாடி வீட்டில் ஒரு வெளி வெப்பமானி

வீட்டு வானிலைக் கருவிகளோடு வரும் கையேடுகளில் பெரும்பாலானவை ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன: வெளியே வைக்க வேண்டிய கம்பியில்லா உணர்கருவியை வீட்டின் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். ஐரோப்பாவில் இருப்பவருக்கு அது பொருத்தமான யோசனை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே நிற்கிறது. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு 1.35 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்ச் 24 வாக்கில் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும் சூரியன், அதன் பிறகு செப்டம்பர் 20 வாக்கு வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் நம் வடக்குச் சுவர் காலை முதல் மாலை வரை சாய்வான வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் தெற்குச் சுவருக்கும் அதே கதிதான். ஆக, ஆண்டு முழுவதும் நிழலில் இருக்கும் சுவர் என்று ஒன்று இங்கே கிடையாது.

இந்தக் கருவியை வாங்குபவர்கள் அதிகம் கவலைப்படுவது சமிக்ஞை வீட்டுக்குள் வந்து சேருமா என்பதைப் பற்றித்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாம் பட்சம். சமிக்ஞை வராவிட்டால் திரையில் வெறும் கோடுகள் தெரியும், சரிசெய்துவிடலாம். உணர்கருவி காற்றின் வெப்பத்தை விட்டுவிட்டுச் சுவரின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தாலோ, திரையில் தெரியும் எண் பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும்.

ஈசூனில் நாங்கள் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதை வைப்பதற்கு மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, துணி காயப்போடும் கழிகள் இருக்கும் சமையலறைச் சன்னல். அது மேற்குப் பார்த்தது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நம் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் உச்சியைத் தொடுவது பிற்பகல் ஒரு மணி வாக்கில்தான். எனவே மேற்குச் சுவர் ஒரு மணியிலிருந்து ஏழு மணிவரை வெயிலைக் குடித்துவிட்டு, அந்தச் சூட்டை இரவு நெடுநேரம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி அமர்ந்திருக்கும் திட்டு. அந்தப் பெட்டியின் வேலையே வீட்டிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே ஊதித் தள்ளுவதுதான்; அதன் அருகில் வெப்பமானி வைப்பதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

மூன்றாவது, வாசல் பக்கத்துப் பொதுத் தாழ்வாரம். எங்கள் தாழ்வாரம் கிழக்கு நோக்கியது. ஒரு பக்கம் முழுவதும் திறந்திருப்பதால் காற்றோட்டம் உண்டு. காலை ஒன்பதேகால், ஒன்பதரை மணிக்கெல்லாம் மேல்தளத்தின் நிழல் சன்னல் கம்பி வரை இறங்கிவிடும். வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் வைப்பது உலக வானிலை அமைப்பின் வழிமுறை. சன்னல் கம்பியில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கட்டினால் அந்தக் கணக்கும் பொருந்திவிடுகிறது. ஆனால் அந்த வழிமுறை புல்தரையைப் பற்றியது, பத்தாவது மாடித் தாழ்வாரத்தைப் பற்றியது அன்று என்று நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். உண்மைதான். இருந்தாலும், நூறு மீட்டர் ஏறினால் அதிகபட்சம் ஒரு டிகிரி குறையும் என்னும்போது, பத்து மாடி உயரத்துக்குக் கால் டிகிரி சொச்சம்தான் வேறுபாடு வரும். வெயில் காய்ந்த சுவர் அதைப் போலப் பல மடங்கு பிழையை உண்டாக்கக்கூடியது.

காலை வெயில் மட்டும் தாழ்வாரத்தில் நேராக விழுகிறது. அதற்காகத்தான் தடுப்பு. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், கலங்கரை விளக்கங்கள் கட்டியவர், வெப்பமானிகளுக்காகச் சாய்ந்த பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். வெயிலும் மழையும் உள்ளே போகாது, காற்று போகும். அந்தக் கொள்கையைத்தான் பூந்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டு நான் பின்பற்றினேன். தட்டுகளைக் கவிழ்த்து, மேல்தட்டை முழுதாக விட்டு, மற்றவற்றின் நடுவை உணர்கருவி நுழையும் அளவுக்கு வெட்டி, மரையுள்ள மூன்று கம்பிகளில் கோத்து, தட்டுக்கும் தட்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்காகச் சிறு குழாய்த் துண்டுகளைச் செருக வேண்டும். வெளிச்சம் ஊடுருவாத தட்டாகப் பார்த்து வாங்குவது முக்கியம். மெல்லிய தட்டு வெள்ளையாக இருந்தும் பயனில்லை. கட்டுவதற்கு நைலான் பட்டைகளைத் தவிர்த்துவிட்டேன், அவை வெயிலில் நாளடைவில் நொறுங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோடு, கம்பிக்கு உட்புறம் ஒரு பாதுகாப்புக் கயிறும் உண்டு. அடுக்குமாடியில் எந்தப் பொருளும் கீழே விழும் வாய்ப்பே இருக்கக் கூடாது. நடைவழியையும் அது அடைத்துக்கொள்ளக் கூடாது.

இணைக்கும் வேலை எளிது. முதலில் உணர்கருவியில் பேட்டரி போட்டு, சேனலைத் தேர்ந்தெடுத்து, பிறகு உள்ளே வைக்கும் முதன்மைக் கருவிக்கு மின்சாரம் கொடுத்து, இரண்டையும் ஒரே மேசையில் சற்று நேரம் விட்டுவைக்க வேண்டும். மின்னூட்டக்கூடிய பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால் பல கருவிகளில் ஒத்துவராது. குளிர்நாட்டுக் கையேடுகள் வற்புறுத்தும் லித்தியம் பேட்டரி நமக்குத் தேவையில்லை, சாதாரண அல்கலைன் போதும். என்னுடையது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. திறந்த வெளியில் நூறு மீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் அதை வெகுவாகக் குறைத்துவிடும். அதிலும் பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் பாதுகாப்பறையின் தடித்த சுவரும் எஃகுக் கதவும் குறுக்கே வந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். உலோகப் பூச்சுள்ள வெயில் தடுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியும் சமிக்ஞையை மறிக்கும். முதன்மைக் கருவியை மரக்கதவின் நேர்கோட்டுக்கு நகர்த்தியதும் தடங்கல் நின்றது.

சரிபார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஈரப்பதத்துக்குப் பழைய உப்புச் சோதனை இருக்கிறது: ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு போலாகும் அளவுக்கு நீர் சொட்டவிட்டு, உணர்கருவியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடி வைத்தால் 75 விழுக்காடு காட்ட வேண்டும். வெப்பநிலைக்கு, சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வெளியிடும் அருகிலுள்ள நிலையத்தின் அளவை விடியலுக்குச் சற்று முன்பும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒப்பிடுகிறேன். இரண்டு வேளையிலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் குறை கருவியில். விடியலில் ஒத்துப்போய்ப் பிற்பகலில் மட்டும் விலகினால் குறை மாட்டிய இடத்தில். இதற்கு மிகவும் வாகான காலம், வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டி, தீவு முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரி நாள்கள்.

அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது, மாற்றத்தை விரைவாகவும் காட்ட வேண்டும். அதிகாலையில் சுமத்ரா சூறைக்காற்று வீசும்போது சற்று நேரத்திலேயே வெப்பநிலை பல டிகிரி இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கருவி மெதுவாகக் காட்டுகிறது என்றால் தட்டுகளுக்கு இடையில் காற்று ஓடவில்லை என்று பொருள். ஒரு முறை திறந்து பார்த்தபோது, உள்ளே பல்லி முட்டைகளும் சிலந்தி வலையும் அடைத்திருந்தன. கொசுவலை சுற்றிவிடலாமே என்றார் அம்மா. ஆனால் அது பல்லியோடு காற்றையும் நிறுத்திவிடும் என்பதால், அவ்வப்போது கழற்றித் துடைப்பதோடு விட்டிருக்கிறேன். அடுத்து, இரண்டாவது சேனலில் இன்னோர் உணர்கருவியைச் சமையலறைச் சன்னலில் கட்டி, மேற்குச் சுவர் மாலையில் எத்தனை டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று அளந்து பார்க்கப்போகிறேன்.