ஆங்கிலத்தில் ஒரு அலுவல் கடிதம், தேதியிலிருந்து கையெழுத்து வரை

பிரிட்டனில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தில் மோட்டார் வாரன்டி முடிவதற்குள் நின்றுபோனது. மின்னஞ்சல் அனுப்பினால் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று தானாக ஒரு பதில் வரும், அதோடு சரி. கடைசியில் போனில் கிடைத்த ஒருவர், கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை அனுப்புங்கள், மேலே நகர்த்துகிறோம் என்றார். ஆங்கிலத்தில் எழுதுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் முறையான கடிதம் என்றால் எதை எந்த வரியில் வைப்பது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

வடிவத்தில் ஃபுல் பிளாக், மாடிஃபைடு பிளாக், செமி பிளாக் என்று மூன்று வகை உண்டு. மாடிஃபைடு பிளாக்கில் தேதியும், யுவர்ஸ் சின்சியர்லி மாதிரியான முடிப்பும், கையெழுத்தும் பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கும், செமி பிளாக்கில் அதோடு ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். ஃபுல் பிளாக்கில் எல்லாமே இடது ஓரத்தில்தான், பத்திக்குப் பத்தி ஒரு வரி இடைவெளி, அவ்வளவுதான். டேப் வைத்து நகர்த்தும் வேலையே இல்லை என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். எழுத்து 11 பாயின்ட், நான்கு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம். வலது ஓரத்தை நேராக்கும் ஜஸ்டிஃபை பொத்தானைத் தொடவில்லை. அதை அழுத்தினால் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

மேலே எங்கள் லெட்டர்ஹெட். அது இல்லாதவர்கள் தங்கள் முகவரியை மட்டும் அடித்தால் போதும், பெயர் கீழே கையெழுத்துக்கு அடியில் வந்துவிடும். அடுத்தது தேதி, இங்கேதான் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். 03/04/2024 என்று போட்டால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. வாரன்டிக் கணக்கு முழுக்கத் தேதியை வைத்துத்தான் ஓடுகிறது, அதனால் மாதத்தை எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே "Our ref", "Your ref" என்று இரண்டு வரி: முதலாவதில் எங்கள் கோப்பு எண், இரண்டாவதில் அவர்கள் தந்த புகார் எண். கட்டாயமில்லைதான், ஆனால் கடிதத்தைப் பிரிப்பவர் கையில் எந்தக் கோப்பை எடுப்பது என்பதற்கு வேறு துப்பே இருக்காது. பிறகு பெறுநரின் பெயர், பதவி, நிறுவனம், முகவரி.

டியர் என்று தொடங்கும் விளிப்புக்காகத் திரும்பவும் போன் செய்து, கடிதத்தைப் பார்க்கப்போகிறவர் யார் என்று கேட்டு வாங்கினேன். ஒரு பெண்மணி. கல்யாணம் ஆனவரா இல்லையா என்பது நமக்கு எதற்கு, மிஸஸும் வேண்டாம் மிஸ்ஸும் வேண்டாம், Ms என்ற இரண்டெழுத்து போதும். பெயர் தெரிந்தால் பிரிட்டிஷ் வழக்கப்படி முடிப்பு யுவர்ஸ் சின்சியர்லி. பெயர் தெரியாமல் டியர் சர் ஆர் மேடம் என்று தொடங்கினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி. இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் கடிதம் செல்லாது என்றெல்லாம் இல்லை, ஆனால் நாள் முழுக்கக் கடிதம் படிப்பவர் கண்ணில் உடனே படும். அமெரிக்காவுக்கு என்றால் பெயருக்குப் பின் கமாவுக்குப் பதில் கோலன், முடிப்பில் பெரும்பாலும் வெறும் சின்சியர்லி.

பொருள் வரியை விளிப்புக்குக் கீழே, தடித்த எழுத்தில், இயந்திரத்தின் சீரியல் எண்ணோடு வைத்தேன். முதல் பத்தியில் ஒரே வாக்கியம்: "ஐ ஆம் ரைட்டிங் டு ரெக்வெஸ்ட் எ ரீப்ளேஸ்மென்ட் மோட்டார் அண்டர் வாரன்டி." நலம் விசாரிப்பு, சுற்றி வளைப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது பத்தியில் வாங்கிய தேதி, நின்றுபோன தேதி, எழுதிய மின்னஞ்சல்களின் தேதிகள். கோபத்தைக் காட்டும் ஒரு வாக்கியம் இருந்தது, எடுத்துவிட்டேன். வரிசையாக நிற்கும் தேதிகளே அதைவிட உறைப்பாக இருந்தன. மூன்றாவதில் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். நம் பக்கத்துக் கடிதங்களில் தவறாமல் வரும் கைண்ட்லி டூ த நீட்ஃபுல்லை இங்கே வைக்கவே கூடாது என்பது என் கட்சி, என்ன செய்ய வேண்டும் என்பதை எதிராளியே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அவர் ஒன்றும் செய்ய மாட்டார்.

முடிப்புக்குக் கீழே கையெழுத்துக்கு நான்கு வரி இடம், அப்புறம் பெயர், பதவி. அதற்கும் கீழே என்குளோஷர்ஸ் என்று எழுதி, இன்வாய்ஸ் நகல், வாரன்டி அட்டை நகல் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். பின்னால் "இணைப்பு வரவில்லையே" என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் டிஎல் என்ற நீளமான உறையில் சரியாக உட்காரும். அனுப்பும் முன் கையெழுத்தோடு ஸ்கேன் செய்து அதே பெண்மணிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினேன். முதல் பதில் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்தது, இந்த முறை ஒரு ஆள் எழுதியது: மோட்டாரை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று.