கொட்டேஷனில் ஒரு வரி: மதர்போர்டு

தங்கை வீடியோ எடிட்டிங் படிக்கச் சேர்ந்தாள். கணினியைப் பாகங்களாக வாங்கி நாங்களே அசெம்பிள் செய்வது என்று முடிவானதும், சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி கொட்டேஷன் வாங்கினோம். எல்லாவற்றிலும் பிராசஸர் பெயர் மேலே பளிச்சென்று இருந்தது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கு ஒரு வரிதான். அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் பிடிபட்டது.

எந்த பிராசஸர் உட்காரும், எந்த ராம் (தற்காலிக நினைவகம்) ஏறும் என்பதையெல்லாம் மதர்போர்டுதான் தீர்மானிக்கிறது. எங்கள் பட்ஜெட்டில் இரண்டு வழி இருந்தது. பிராசஸர் உட்காரும் சாக்கெட் 2016-இல் வந்த ஏஎம்4 என்றால் டிடிஆர்4 வகை ராம். 2022-இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். இரண்டு ராமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. பழையது விலை குறைவு. ஆனாலும் ஏஎம்5-ஐ 2027 வரையாவது தொடர்வதாக அதன் பிராசஸர்களைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருப்பதால், பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே எடுத்தோம். பி650 மதர்போர்டு, ரைசன் 5 7600 பிராசஸர். இந்த பிராசஸரிலேயே திரையில் படம் காட்டும் சிறிய கிராபிக்ஸ் இருப்பதால் கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள். எங்களுக்குக் கிடைத்ததிலேயே மலிவான கொட்டேஷனில், பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர் இருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லை. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அப்படியே வாங்கினால் மானிட்டரில் படமே வராது.

நான் அதிக நேரம் செலவிட்டது, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில். கேபினெட்டோடு சேர்த்தே தருகிறோம் என்றார்கள். 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த லைனில்தான் மின்சாரம் எடுக்கின்றன. காசை வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 550 வாட்டில் நல்லதாகத் தனியாக வாங்கினோம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில், எம்.2 என்ற சிறிய பட்டை வடிவத்திலேயே சாட்டா என்ற பழைய வகையும் உண்டு, என்விஎம்இ என்ற வேகமான வகையும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். எடிட்டிங்குக்கு என்விஎம்இதான் சரி.

மாட்டுவது பெரிய வேலையாக இல்லை. இரண்டு ராமை பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போட வேண்டும். முதல்முறை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. டிடிஆர்5 ராமை போர்டு பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். பதறி ஆஃப் செய்துவிடக் கூடாது. காத்திருந்தோம், போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரை வந்தது. வேகம் 6000 என்று வாங்கிய ராம் அதில் 4800 என்றே காட்டியது. ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்து சேமித்தபின் 6000-க்கு ஏறியது.