தேங்காய் எண்ணெய்: தலைக்குத் தாராளம், வயிற்றுக்கு அளவோடு

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆனால் தலைமுடி விஷயத்தில் மட்டும் நான் உடனே ஆமாம் போடுவேன். இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற ஒருவகைக் கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு சிறியது என்பதால் மேலே வழுவழுவென்று நிற்காமல் முடிக்குள்ளேயே இறங்கி, அலசும்போது முடி தண்ணீரில் உப்பிப் புரதத்தை இழப்பதைக் குறைக்கிறது. அதனால் குளித்த பிறகு பூசுவதைவிட முன்பே தேய்த்து ஊறவிடுவதுதான் நல்லது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். வறண்ட தோலுக்கும் பூசலாம், முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவாதீர்கள்.

அப்புறம், வெறும் வயிற்றில் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். இதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். சமையலில் வாசத்துக்கு ஒரு ஸ்பூன் என்றால் சரி.