பத்து எழுத்து பிடித்துவைத்த மெகாபைட்டுகள்

ஜாவா நிரல்மொழி கற்ற நாட்களில் நான் செய்த பிழையை இன்றும் புதியவர்களின் நிரலில் பார்க்கிறேன். பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்க ட்ரிம் மெத்தடை அழைப்பார்கள். அது திருப்பித் தருவதை எந்த மாறியிலும் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பெயர் இடைவெளியோடு அப்படியே இருக்கும். ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர், ஒருமுறை உருவாகிவிட்டால் அதன் எழுத்துகளில் கைவைக்க முடியாது. ட்ரிம், ரீப்ளேஸ் போன்றவை தேவைப்படும்போது புதிய ஸ்ட்ரிங்கைத்தான் உருவாக்கித் தருகின்றன.

இந்தப் பிடிவாதம் காரணமில்லாமல் வந்ததல்ல. மாறாது என்ற உறுதி இருப்பதால் ஒரே ஸ்ட்ரிங்கைப் பல த்ரெட்கள் (நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்கள்) பூட்டு எதுவுமின்றிப் படிக்கலாம். சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடித் தரும் ஹாஷ்மேப்பில் சாவியாக வைத்தது பிறகு காணாமல் போகாது. கோப்பின் பெயரைச் சோதித்த கணத்துக்கும் திறக்கும் கணத்துக்கும் இடையில் யாரும் அதைத் திருத்திவிட முடியாது. நிரலில் நூறு இடங்களில் "சென்னை" என்று எழுதினாலும் நினைவகத்தில் ஒரே பொருள்தான்.

பகிர்தலுக்கும் விலை உண்டு என்பதை ஜாவா 6 காலத்தில்தான் உணர்ந்தேன். ஸ்ட்ரிங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தரும் அப்போதைய சப்ஸ்ட்ரிங் மெத்தட் எழுத்துகளை நகலெடுக்காது; மூல ஸ்ட்ரிங்கின் எழுத்து அணியையே சுட்டிக்கொண்டு, தொடக்க இடத்தையும் நீளத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். மூலம் மாறாது என்பதால்தான் அந்தச் சிக்கனம் சாத்தியமாயிற்று. நானோ பெரிய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளை ஒவ்வொன்றாக முழு ஸ்ட்ரிங்காகப் படித்து, 10 எழுத்து ஆர்டர் எண்ணை மட்டும் வெட்டி ஒரு பட்டியலில் சேர்த்துவந்தேன். சில மணி நேரத்தில் நினைவகம் தீர்ந்து சர்வர் விழுந்தது. நினைவகத்தில் இருந்ததைப் பதிந்த ஹீப் டம்ப்பைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு குட்டி ஆர்டர் எண்ணும் பல மெகாபைட் அணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அதைத் தொடவே முடியாது.

தீர்வு ஒரே வரிதான்: வெட்டியெடுத்ததை மறுபடியும், புதிய ஸ்ட்ரிங்கை உருவாக்கும் நியூ ஸ்ட்ரிங்குக்குள் கொடுத்தால் தேவையான எழுத்துகள் மட்டும் நகலாகும். பார்ப்பவர்களுக்கு வெட்டிவேலையாகத் தோன்றும் வரி என்பதால், "நீக்க வேண்டாம்" என்று மேலே ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன்.

2012இல் வந்த ஜாவா 7 அப்டேட் 6 முதல் சப்ஸ்ட்ரிங் தானே நகலெடுக்கத் தொடங்கியது. நீளமான துண்டுகளை ஓயாமல் வெட்டும் பார்சர்களுக்கு (உரையைப் பகுதிகளாகப் பிரித்துப் படிக்கும் நிரல்களுக்கு) அது இழப்புதான். என் கணக்கில் அது சரியான பேரம். ஜாவா 8க்கு மாறிய வாரமே அந்த வரியையும் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிட்டேன்.